உடற்கடிகாரமும் நடுக்குவாதமும்

கை நடுங்கும், நடை குறுகும், எழுத்துச் சிறுக்கும், முகம் உணர்ச்சிக்குறி இழக்கும், எழுந்து நிற்றலும் திரும்பிப் படுத்தலும் பெருமுயற்சியாகும். நடுக்குவாதம் எனவும் பார்க்கின்சன் நோய் எனவும் வழங்கப்பெறும் பிணியைப் பற்றி உலகத்தார் பெரும்பாலும் அறிந்தது இத்துணையே. ஆயின் அந்நோயாளரோடு ஓரில்லத்தில் வாழ்வார் அறிந்த துன்பம் பிறிதொன்றும் உண்டு. பகலிற் பலர் நடுவே அமர்ந்திருக்கும்போதே அவர் உறங்கிவிடுவர். ஊரெல்லாம் உறங்கும் யாமத்தில் கண் விழித்துக் கிடப்பர். இதனைக் காணும் சுற்றத்தார், 'பகலெல்லாம் தூங்கினால் இரவில் தூக்கம் எங்ஙனம் வரும்?' என்று அவரைக் கடிந்துகொள்வதும் உண்டு. இங்ஙனம் கடிதல் முறையாகுமா? நோயானது உறுப்புக்களை அசைக்கும் ஆற்றலை மட்டுமன்றி, உடலுக்குள்ளிருந்து பொழுதினை வகுத்துக் காட்டும் கடிகாரத்தையும் தளரச் செய்கின்றது என்பதும், அக்கடிகாரத்திற்கு நம்மாற் செய்யத்தக்க உதவிகள் சில உள என்பதும் இக்கட்டுரையிற் கூறப்புகும் பொருளாம்.

தமிழ் பயில்வார்க்கு மருத்துவப் பொருள் எற்றுக்கு எனின், மாலை, யாமம், வைகறை எனச் சிறுபொழுதுகளை வகுத்து, ஒவ்வொன்றற்கும் ஒவ்வோர் உள்ளநிலையை உரிமையாக்கிய இலக்கணம் நம்முடையது. பொழுது மனிதனை ஆளும் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. அதனை இற்றை உயிர்நூல் விளக்குமாற்றை முதற்கண் காண்போம்.

உடலினுள் அமைந்த கடிகாரம்

1729-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டு வானநூலறிஞராகிய மேரான் என்பார் எளியதொரு சோதனை செய்தார். தொட்டாற்சுருங்கி வகையைச் சேர்ந்த செடியொன்று பகலில் இலை விரித்து இரவில் இலை கூம்புதலைக் கண்ட அவர், அதனை வெயில் புகாத இருட்டிடத்தில் வைத்து நோக்கினார். ஆண்டும் அஃது உரிய பொழுதில் விரிந்தது; உரிய பொழுதிற் கூம்பியது. கதிரவனைக் காணாத செடி பொழுதினை அறிந்தது எவ்வாறு? அதனுள்ளேயே பொழுதளக்கும் கருவியொன்று இருத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் முடிபு. எனினும் அம்முடிபு ஐயத்திற்கிடமின்றி நிலைபெறுவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற் சென்றன.

மனிதனிடத்தும் இத்தகைய கடிகாரம் உளது. உறக்கமும் விழிப்பும், உடற்சூட்டின் ஏற்றமும் இறக்கமும், குருதியழுத்தத்தின் மாறுதலும், சுரப்பிகளின் தொழிலும் ஏறத்தாழ 24 மணிக்கு ஒருமுறை சுழன்று வருகின்றன. 'ஏறத்தாழ ஒரு நாள்' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களைக் கொண்டு இச்சுழற்சிக்குச் 'சர்க்கேடியன்' என 1959-ஆம் ஆண்டில் ஹால்பர்க் என்பார் பெயரிட்டார். நாம் இதனை நாட்சுழற்சி என வழங்குவோம். புறத்தே பொழுதுக்குறி யாதொன்றும் இல்லாதவிடத்து வைக்கப்பெற்ற மனிதனது கடிகாரம் சராசரியாக 24 மணிக்குச் சில நிமிடம் மிகுதியாகக் கொண்டு சுழலும். ஆதலின் அது நாள்தோறும் திருத்தப்பெறல் வேண்டும். அத்திருத்தத்தைச் செய்வனவற்றுள் தலையாயது ஒளியே.

இக்கடிகாரம் உடலின்கண் எவ்விடத்தது? மூளையின் அடிப்புறத்தில், இரு கண்களினின்றும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் சந்திக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில், அரிசிமணியினுஞ் சிறியவாய் இரண்டு நரம்பணுத் திரள்கள் இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் இரு வேறு குழுவினர் எலிகளிடத்து இத்திரள்களை அழித்து நோக்கினர். எலிகள் இறந்தில, ஆயின் அவற்றின் நாட்சுழற்சி அழிந்தது. எலிகளின் உறக்கத்தை அளந்த பிற்கால ஆய்வுகளால் உறக்கத்தின் மொத்த அளவு குறையவில்லை என்பதும், இன்ன பொழுதில் உறங்குதல், இன்ன பொழுதில் விழித்தல் என்னும் ஒழுங்கே கெட்டது என்பதும் விளங்கின. நடுக்குவாத நோயாளரின் பகலுறக்கத்தையும் இரவு விழிப்பையும் ஆராயுங்கால் இவ்வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒளிச்செய்தி இத்திரள்களை அடைவதற்குத் தனிவழியும் உண்டு. விழித்திரையில் உருவங்களைக் காட்டும் அணுக்களேயன்றி, மெலனாப்சின் என்னும் நிறப்பொருளையுடைய நரம்பணுக்கள் சிலவும் உள. அவை தாமே ஒளியை உணர வல்லன என்பது 2002-ஆம் ஆண்டிற் காட்டப்பெற்றது. உருவத்தைக் காண்பதினும் ஒளியின் மிகுதி குறைவுகளை அளத்தலே அவற்றின் முதற்றொழில். தாம் அளந்ததனை அவை நேரே கடிகாரத்திற்கு அறிவிக்கின்றன.

இனி, அதன் உள்ளமைப்பைச் சிறிது கூறுவாம். அணுவினுள் இருக்கும் மரபணுக்கள் சில புரதங்களை ஆக்குகின்றன. அப்புரதங்கள் மிகுந்தவழித் தம்மை ஆக்கிய மரபணுக்களின் தொழிலைத் தாமே அடக்குகின்றன. பின்னர் அவை சிதைந்து குறையவே, அம்மரபணுக்கள் மீண்டும் தொழிற்படத் தொடங்குகின்றன. இவ்வட்டம் ஒருமுறை சுற்றி வருதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகின்றது. பழ ஈக்களைக் கொண்டு இவ்வமைப்பை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அறிஞர் மூவர்க்கு 2017-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இத்தகைய வட்டம் மூளையில் மட்டுமன்றிக் கல்லீரல், நெஞ்சகம், தசை முதலிய உறுப்புக்களிலும் நிகழ்கின்றது. அங்ஙனமாயின் மூளையிலுள்ள திரளுக்குத் தனிச்சிறப்பு யாது? ஒரு கல்லூரியில் வகுப்பறைதோறும் கடிகாரம் இருப்பினும் அவை முன்னும் பின்னுமாக ஓடக்கூடும். நடுவில் ஒலிக்கும் மணியே எல்லா வகுப்புக்களையும் ஒருங்குபடுத்துவது. மூளையிலுள்ள திரள் அம்மணியை ஒக்கும். ஏனை உறுப்புக்கள் அதன் ஓசை கேட்டு ஒழுகும் வகுப்பறைகளை ஒக்கும்.

நோயின் இயல்பு

இலண்டன் மாநகரில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். ஆறு நோயாளரைப் பற்றி உரைக்கும் அந்நூலிலேயே, நோய் முதிருங்கால் உறக்கம் பெரிதும் குலைவதையும், இறுதியில் ஓயாத தூக்கமயக்கம் வந்தடைவதையும் அவர் குறித்திருக்கின்றார். எனினும் அவர்க்குப் பின் வந்தோர் நெடுங்காலம் நடுக்கத்தையும் விறைப்பையுமே சிறப்பாக நோக்கினர்.

அதற்குக் காரணமும் உண்டு. நோயின் இருப்பிடத்தைத் தேடிய அறிஞர்க்கு முதலில் அகப்பட்டவை அசைவினை ஆளும் பகுதிகளே. 1912-ஆம் ஆண்டில் லூயி என்பார் இந்நோயுற்றோர் மூளையணுக்களில் வட்டவடிவான படிவங்களைக் கண்டார். 1919-ஆம் ஆண்டில் திரெத்தியாகோவ் என்பார் நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதியின் நரம்பணுக்கள் அழிந்திருத்தலை எடுத்துக் காட்டினார். அவ்வணுக்கள் டோபமின் என்னும் பொருளை ஆக்குவன என்பதும், அப்பொருள் குறைதலே அசைவுத் தளர்ச்சிக்கு ஏது என்பதும் 1957 முதல் 1960 வரை நிகழ்ந்த ஆராய்ச்சிகளால் வெளியாயின. டோபமினாக மாறும் இயல்புடைய லெவோடோபா என்னும் மருந்தைப் படிப்படியாக மிகுத்துக் கொடுத்தலால் வரும் நன்மையை 1967-ஆம் ஆண்டில் காட்ஸியாஸ் என்பார் நிலைநாட்டினார். படுக்கையிற் கிடந்தோர் பலர் எழுந்து நடந்தனர். லூயி கண்ட படிவங்களின் முதன்மைப்பொருள் ஆல்பா-சைநியூக்ளின் என்னும் புரதம் என்பது 1997-ஆம் ஆண்டிற் புலனாயிற்று.

லெவோடோபா நடையைத் திருத்தியது; ஆயின் பகலையும் இரவையும் அது முற்றத் திருத்திற்றில்லை. நோய் கருநிறப் பகுதியோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு இது சான்றாம். உலகில் இந்நோயுடையார் 85 இலட்சத்திற்கு மேற்பட்டவர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டிற்கு மதிப்பிட்டிருத்தலின், இக்குறை ஒரு சிலரைப் பற்றியதன்று.

மணியோசை குறைதல்

உடலின் உள்ளே ஓடும் கடிகாரத்தை மருத்துவர் எங்ஙனம் காண்பர்? அதன் கட்டளைப்படி சுரக்கும் பொருள்களை அளந்தே காண்பர். மூளையிலுள்ள பினியல் சுரப்பி இருள் வந்தபின் மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரக்கும். விடியலில் அது குறையும். இதனை இரவின் வரவைக் கூறும் முரசு எனலாம். 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் விதேனோவிச் என்பாரும் அவர் துணைவரும் நடுக்குவாத நோயாளர் 20 பேரையும் நோயிலார் 15 பேரையும் மங்கிய ஒளியில் இருத்தி, 24 மணி நேரமும் இடையிடையே குருதி எடுத்து மெலட்டோனினை அளந்தனர். நோயாளரிடத்து அதன் ஏற்ற இறக்கம் மிகக் குன்றியிருந்தது. பகலில் மிகுதியாக உறங்கும் நோயாளரிடத்து அக்குறை இன்னும் மிகுதி. ஆயின் அச்சுரப்பு எழும் பொழுதிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நண்பர்காள், இதனை ஊன்றி நோக்குக. அயல்நாட்டுப் பயணத்தால் பொழுது மாறி வருந்துவோனது கடிகாரம் தவறான நேரத்தைக் காட்டுவது. இவ்வாய்விற் கண்ட நோயாளரின் கடிகாரமோ நேரத்தைத் தவறாமலே காட்டுகின்றது. அதன் வலிமையே குன்றியது. மணி உரிய பொழுதில் அடிக்கப்படுகின்றது. ஆனால் அதன் ஓசை தொலைவிலுள்ள வகுப்பறைகளுக்கு எட்டவில்லை. எனவே இரவு முழு இரவாகவும் பகல் முழுப் பகலாகவும் உடலுக்குத் தோன்றுவதில்லை; இரண்டும் தம்முள் கலந்துவிடுகின்றன.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் நோயின் தொடக்கநிலையில் உள்ளாரை ஆராய்ந்தோரும், மெலட்டோனின் குறைந்திருத்தலையும், விழிப்புக்குரிய கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுந்திருத்தலையும், கடிகார மரபணுக்களுள் ஒன்றன் தொழில் நாட்பொழுதிற்கு ஏற்ப மாறாதிருத்தலையும் கண்டனர். குருதியழுத்தம் நலமுடையாரிடத்து இரவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ அதனினும் சற்று மிகுதியோ தாழும். இந்நோயாளர் பலரிடத்து அங்ஙனம் தாழ்வதில்லை.

ஓசை குறைதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதலாவது கண்ணிற் காணப்படுவது. டோபமின் மூளையில் மட்டுமன்றி விழித்திரையிலும் உளது; பகலொளிக்குக் கண்ணைப் பழக்குவது அதன் தொழில். நடுக்குவாதத்தில் ஆண்டும் அது குறைகின்றது. இரண்டாவது, கடிகாரத்தின் இருப்பிடமாகிய ஹைப்போதலாமஸ் பகுதியிலும் லூயி படிவங்கள் தோன்றுதல். இதனை 1978-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தனர். மூன்றாவது, நோயாளரின் வாழ்க்கைமுறை. நடக்க இயலாதவர் வீட்டினுள்ளேயே அடங்குவர். முதுமையால் மஞ்சள்பட்ட கண்வில்லை வழியே சிறிதளவு ஒளியே உட்புகும். வீட்டு விளக்கின் ஒளி சில நூறு லக்ஸ் அளவினது; வெளியிலோ நிழலிற்கூடப் பல்லாயிரம் லக்ஸ் இருக்கும்; நேர்வெயில் இலட்சம் லக்ஸ் வரை எட்டும். ஆகவே அறையினுள் அடைபட்டிருப்பவர் கண்ணுக்குப் பகல் என்பது மங்கிய மாலையே.

எனினும் நோயாளரின் இரவுத்துன்பம் அனைத்தையும் கடிகாரத்தின் மேல் ஏற்றுதல் பொருந்தாது. லெவோடோபாவின் ஆற்றல் நள்ளிரவிற் குறைதலால் புரண்டு படுக்க இயலாமை, அடிக்கடி சிறுநீர் கழித்தல், மனச்சோர்வு, கனவிற் கண்டதைக் கை கால்களால் நடத்திக் காட்டும் உறக்கக்கோளாறு ஆகியவையும் உறக்கத்தைக் கெடுப்பனவே. மருந்துகளுட் சில பகலில் திடீரென உறக்கத்தை விளைப்பன. இவற்றைப் பிரித்தறிதல் மருத்துவர் கடன்.

காரணமோ காரியமோ

நோய் கடிகாரத்தைக் கெடுக்கின்றதா, அன்றிக் கடிகாரம் கெடுதலால் நோய் வளர்கின்றதா? 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்று இவ்வினாவை எழுப்பிற்று. நடுக்குவாதம் இல்லாத முதிய ஆடவர் 2,930 பேர் மணிக்கட்டிற் கருவியணிந்து தம் அசைவுகளைப் பதிவு செய்தனர். அவரை ஏறத்தாழ 11 ஆண்டு தொடர்ந்து நோக்கியதில் 78 பேர் நோய்ப்பட்டனர். ஓய்வும் உழைப்பும் மாறிமாறி வரும் நாட்சுழற்சி தொடக்கத்திலேயே தளர்ந்திருந்தாரிடத்து நோய் வருதல் மிகுதியாயிருந்தது.

இதனாற் கடிகாரத் தளர்ச்சியே நோய்க்குக் காரணம் என்று துணிதல் கூடாது. நடுக்கம் தோன்றுமுன்னரே பல்லாண்டுகள் இந்நோய் மூளையில் மறைந்து வளரும் இயல்பினது. மலச்சிக்கலும் மணமறியாமையும் கனவுறக்கக் கோளாறும் அக்காலத்திலேயே வந்துவிடுதல் உண்டு. கடிகாரத் தளர்ச்சியும் அவ்வாறு முன்வந்த குறியாதல் கூடும். அன்றி, சிதைந்த புரதங்களை அகற்றும் பணியும் நரம்பணுக்களைக் காக்கும் பணியும் நாட்சுழற்சியைச் சார்ந்து நிகழ்வன ஆதலின், அச்சுழற்சி தளர்தல் நோயை மிகுத்தலும் கூடும். அறிஞர் இவ்விரு வழியையும் ஆராய்ந்து வருகின்றனர். நோய் கடிகாரத்தைத் தளர்த்த, தளர்ந்த கடிகாரம் நோயாளரை மேலும் நலிவிக்கும் என்னும் அளவில் ஐயமில்லை.

செய்யத்தக்கன

ஓசை குறைந்த மணியை முற்றும் புதுப்பித்தல் இயலாதாயினும், அதனை வலிந்து அடித்தல் இயலும். 2017-ஆம் ஆண்டில் விதேனோவிச் குழுவினர், மருந்துண்டு வரும் நோயாளருட் பகலுறக்கம் மிகுந்த 31 பேரைத் தேர்ந்தனர். ஒரு சாரார்க்கு 10,000 லக்ஸ் அளவுள்ள பேரொளியும், மற்றொரு சாரார்க்கு மங்கிய செவ்வொளியும், நாளைக்கு இருமுறை ஒவ்வொரு மணி நேரமாக 14 நாள் கொடுத்தனர். பேரொளி பெற்றாரிடத்துப் பகலுறக்கம் குறைந்தது. இரவு உறக்கத்தின் தரமும் உயர்ந்தது. பங்குபெற்றோர் சிலரே ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது, நம்பிக்கைக்கு இடந்தரும் தொடக்கமாகக் கொள்ளல் தகும்.

ஒளியேயன்றி உடனுறைவாரும் பொழுதுக்குறி ஆவர் என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. மதுரைப் பல்கலைக்கழகத்தில் உயிரினங்களின் நாட்சுழற்சியை ஆராய்ந்த பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர் மாணாக்கரும் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வௌவால்களைப் பற்றியது. ஒளி புகாத குகையினுள் சில வௌவால்களைக் கூட்டில் அடைத்து வைத்தனர். வெளியே மாலையா காலையா என்று அவை காண வழியில்லை. ஆயினும் அக்குகையிலே உரிமையுடன் வாழ்ந்த வௌவாற்கூட்டம் மாலையிற் புறப்படுவதையும் வைகறையில் திரும்புவதையும் உணர்ந்து, அடைபட்டவையும் அதே பொழுதில் விழித்து அதே பொழுதில் ஓய்ந்தன. அக்கூட்டம் இல்லாதவிடத்து அவற்றின் கடிகாரம் புறப்பொழுதைப் பின்பற்றாது தன் போக்கில் ஓடிற்று.

மனிதர்க்கு ஒளியே வலிய குறியெனினும், உணவு நேரமும் உடற்பயிற்சியும் பிறரோடு கூடியிருத்தலும் துணைக்குறிகளாம். ஆகவே நோயாளரைக் காலையில் ஒரே நேரத்தில் எழுப்புதல். விடிந்தபின் திண்ணையிலேனும் திறந்த சன்னலருகிலேனும் அமர்த்துதல். உணவை வரையறுத்த வேளையில் அளித்தல். பகலில் இயன்ற அளவு நடத்தலும் உரையாடலும் நிகழச் செய்தல். பகலுறக்கம் வேண்டின் அதனைக் குறுகியதாக நண்பகலுக்குப் பின் ஒருமுறை அமைத்தல். இரவில் விளக்கொளியையும் கைப்பேசி, தொலைக்காட்சி ஒளியையும் குறைத்தல் என்னும் இவை பொருட்செலவின்றி எவ்வில்லத்தும் இயலும். இரவில் அவர் எழ நேரின் விழாதிருத்தற்கு வேண்டிய சிறு விளக்கு மட்டும் தாழ்வாக இருத்தல் நன்று. மருந்தின் அளவையும் நேரத்தையும் தாமே மாற்றுதலோ நிறுத்துதலோ பெருந்தீங்கு பயக்கும்; லெவோடோபாவைத் திடீரென நிறுத்துதல் உயிர்க்கே இடராகும். நோயாளர் உறங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் இரண்டு வாரம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுதல் இல்லத்தார் செய்யத்தக்க பேருதவியாம்.

இவையெல்லாவற்றினும் முற்படச் செய்யற்பாலது ஒன்றுண்டு. அது கடிந்துரையாமை. பகலில் உறங்கும் நோயாளர் சோம்பரல்லர். இரவில் விழித்திருப்பவர் பிறரை வருத்தக் கருதியவரும் அல்லர். இரவில் அவரோடு விழித்துப் பகலில் தம் தொழிலுக்குச் செல்லும் மனைவியும் மகளும் மருமகளும் தாமும் இந்நோயிற் பங்குகொண்டவரே. அவர்க்கும் முறைவைத்து ஓய்வளித்தல் சுற்றத்தார் கடமை. விடுமுறையில் இல்லம் செல்லும் மாணவர், பாட்டனாரையோ அண்டை வீட்டு முதியவரையோ கைபிடித்துக் காலை வெயிலில் அரைமணி நேரம் நடத்திச் சென்றால், அது மருத்துவமும் அன்பும் ஒருங்கே ஆகும்.

ஒளியை இருளினின்றும் வேறு பிரித்து, பகலை ஆளவும் இரவை ஆளவும் வானத்திற் சுடர்களை வைத்த இறைவன், அவ்வாட்சியை உணரும் சிறு கருவியை நம் உடலின் உள்ளும் வைத்தருளினான். அக்கருவி ஒருவரிடத்துத் தளர்ந்தவிடத்து, அவர்க்குப் பகலைப் பகலாகவும் இரவை இரவாகவும் காட்டி உடனிருத்தல் உடல்நலம் பெற்ற நம் எல்லார்க்கும் உரிய தொண்டாகும்.